ஏழாம் கூண்டில் மிஞ்சியது

ஆய்வகத்தின் எலிக்கூடத்துக்குள் நுழைய மேலங்கி, முகக்கவசம், தலைக்கு உறை, காலுக்கு உறை எல்லாம் மாட்ட வேண்டும். மாட்டியபின் கண் மட்டும்தான் வெளியே தெரியும். கூட வேலை செய்த தோழி மாற்றலாகிப் போனதிலிருந்து, அந்தக் கண்ணைப் பார்த்துப் பேசவும் அவளுக்கு ஆளில்லாமல் போயிற்று.

அவள் ஆராய்ந்தது எலிகளின் டி செல்களை. கிருமியைத் தேடி அழிக்கும் இந்தச் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. ஒவ்வொரு செல்லின் ஏற்பியும் ஏதோ ஒரு கிருமியின் ஒரு துண்டைத்தான் அடையாளம் காணும். சாதாரண எலிக்கு இலட்சக்கணக்கான விதங்களில் ஏற்பிகள் இருக்கும். ஏழாம் கூண்டு எலிகளுக்கோ, மரபணுவை மாற்றியிருந்ததால், ஏறக்குறைய ஒரே விதம்தான். அவள் ஊசி போட்ட வைரஸைச் சரியாக அடையாளம் காணும் விதம் அது.

முதலில் ஏழாம் கூண்டே ஜெயித்தது. மற்ற எலிகள் சுணங்கிக் கிடந்தபோது இவை துள்ளித் திரிந்தன.

"பாத்தியா? சரியான ஆளா இருந்தா ஒருத்தன் போதும்" என்றார் பேராசிரியர். "இதையே எழுதிடு."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் சார்."

"பாரு. ஆனா கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாம பண்ணிடாதே."

அவளுக்கு அந்த முடிவின்மேல் சந்தேகம் இருந்தது உண்மைதான். ஆனால் சோதனை முடிந்துவிட்டால் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்காது என்பதும் உண்மை.

பிறகு ஏழாம் கூண்டு எலிகளுக்கு முடி சிலிர்த்தது. முதுகைக் கூனிக்கொண்டு தின்னாமல் கிடந்தன. அவற்றின் உடம்பிலிருந்து வைரஸைப் பிரித்துப் பார்த்தாள். அதன் மரபணுவில் ஓரிடம் மாறியிருந்தது. அந்தச் சின்ன மாற்றம் போதும், அந்த ஒரே வித ஏற்பிக்கு அது யாரோ எவரோ ஆகிவிட்டது. சாதாரண எலிகளிடம் வேறு செல்கள் இருந்தன, அவை பார்த்துக்கொண்டன. ஏழாம் கூண்டில் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒன்று மட்டும் நின்றது. அடையாளத்துக்காக இடது காதில் துளையிட்ட பெண் எலி. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

எலிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்கும். இது மூலையில் காகிதத் துணுக்குகளை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது. அவள் இன்னும் இரண்டு கை துணுக்கு போட்டாள்.

"குளுருதாடி?" என்று கேட்டாள். அன்று அவள் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது.

அது ஏன் தப்பியது என்பது, அதைக் கொன்று மண்ணீரலை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பேராசிரியரிடம் அவள், கருவி காலியில்லை என்றாள், மருந்து வரவில்லை என்றாள். சாக்குகள் தீர்ந்த அன்று, வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே அதை எடுத்தாள். கைக்குள் அது மூக்கைத் துருத்தி மோந்து பார்த்தது. அதற்கு வலிக்கவில்லை, அந்த அளவுக்கு அவள் கை தேர்ந்திருந்தது.

அந்த எலியின் உடம்பில் சில செல்கள் தாமாகவே வேறோர் ஏற்பியை அமைத்துக்கொண்டிருந்தன. மாறிய வைரஸை அடையாளம் கண்டு, அவைதான் பெருகியிருந்தன.

பேராசிரியர் திரையை வெகுநேரம் பார்த்தார். "நல்லவேளை, நான் சொன்னதை நீ கேக்கல" என்றார். பிறகு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

"சொல்லுக்கா. உன் புள்ளைங்கள்லாம் சௌக்கியமா?" எலிகளைத்தான் அவன் எப்போதும் அப்படிச் சொல்வான்.

"ஒண்ணு மட்டும் தப்பிச்சுதுடா."

"கெட்டிக்கார எலிதான்."

"எப்படித் தப்பிச்சுதுன்னு தெரிஞ்சுக்க, நானே கொன்னுட்டேன்."

"வேலைதானேக்கா" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு அது புரிந்தது. அதற்குள் அங்கே ஏதோ கீழே விழுந்து உடைந்தது. "வச்சிராதேக்கா, இதோ வந்துட்டேன்" என்று போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினான்.

அவன் திரும்பி வரவில்லை. மறந்திருப்பான். போனில் தம்பி மனைவி யாரையோ அதட்டுவது கேட்டது. தம்பி பிள்ளைகளில் சின்னவள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னாள், பெரியவன் திருத்தினான், சண்டை மூண்டது.

அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தாள்.