மனுதாரர் புடவை

எழிலரசி என்பவள் துப்பட்டாவின் இரு முனைகளும் ஒரே அளவில் தொங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே வாசற்படியைத் தாண்டுகிறவள், கொதிநீர் நிரப்பிய சொம்பின் அடியால் சுடிதாரைத் தேய்த்து மடிப்பு வைத்துக்கொள்கிறவள், ஒரு மயிரிழை பிசகினாலும் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னுகிறவள், அப்படிப்பட்டவள் இப்போது கல்லூரி அரங்கத்தின் பக்கத் திரைக்குப் பின்னால் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள், பொது நிர்வாகத் துறையின் இரும்பு அலமாரியில் ஆண்டு முழுவதும் சுருண்டு கிடக்கும் புடவை ஒன்றை அவள் இடுப்பைச் சுற்றி வகுப்புத் தோழியர் இருவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தோளருகே கிழிசல், முந்தானையில் ஒட்டு, எவரும் ஒரு நாளும் துவைக்காததால் ஏறிப்போன பாச்சை உருண்டை நாற்றம், அதற்குத் துறையில் பெயரே உண்டு, மனுதாரர் புடவை. ஒவ்வோர் ஆண்டும் துறை விழாவில் மாதிரிக் குறைதீர்க்கும் நாள் நடத்துவார்கள், ஒருத்தி மாவட்ட ஆட்சியராக நாற்காலியில் அமர்வாள், மற்றொருத்தி ஏழைப் பெண்ணாக வந்து மனுக் கொடுத்து அழுது காலில் விழுவாள், ஆட்சியர் ஆவன செய்வார், அவை கை தட்டும், பொது நிர்வாகமும் சமூகப் பணியும் கற்க வந்த பிள்ளைகளுக்கு இதுவே செய்முறைப் பாடம் என்று துறைத் தலைவி பிரமீளா அம்மையார் வரவேற்புரையில் சொல்லுவார். முதலாண்டில் எழிலரசி இந்தப் புடவையை மகிழ்ச்சியோடுதான் கட்டினாள், தன்னை ஒரு பொருட்டாக எண்ணி அழைத்தார்களே என்று, இரண்டாம் ஆண்டில் கட்டும்போது எவளோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது காதில் விழுந்தது, மூன்றாம் ஆண்டில் நாற்காலியைக் கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது, அந்த நாற்காலியில் அமர்கிறவளுக்கே அம்மையார் ஆட்சிப் பணித் தேர்வின் இலவசப் பயிற்சி விடுதிக்குப் பரிந்துரை எழுதுவார் என்பது துறையின் எழுதாத சட்டம், கல்லூரிக்கு ஓர் இடந்தான், அந்த இடம் கிடைத்தால் ஊருக்குக் கோடியில் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து பேருந்தில் நசுங்கி வந்து படிக்க வேண்டியதில்லை, மேசையும் விளக்கும் நூலகமும் அவளுடையவை. அம்மையார் சிரித்தார், நாற்காலியெல்லாம் உனக்கு ஒட்டாதும்மா எழில், சம்யுக்தாவுக்குக் குடுத்தாச்சு, அவ நடந்து வந்தாலே ஒரு களை இருக்கு, நீ மனுதாரரா நின்னாப் போதும், உனக்கு ஒத்திகையே வேணாம், அதெல்லாம் உனக்கு ரத்தத்துலயே இருக்கு. அப்போது எழிலரசி சரிங்க மேடம் என்றுதான் சொன்னாள், சொன்ன நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போல் இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஏய் எழில், முடியைக் கொஞ்சம் கலைச்சு விடட்டுமா, அப்பதான் பாவமா இருக்கும், என்று சம்யுக்தா சீப்பின் பின்புறத்தால் அவள் பின்னலைத் தொடுகிறாள், கை வெச்சே உடைச்சிடுவேன் என்கிறாள் எழிலரசி, சம்யுக்தா விளையாட்டென்று எண்ணி, ஐயோ கலெக்டரையே மிரட்டறியே என்று சிரித்துக்கொண்டு போகிறாள்.

பாவமாக இருக்க வேண்டுமாம், அம்மா தேசம்மாள் உண்மையான ஆட்சியரைப் பார்க்கப் போன திங்கட்கிழமை எழிலரசியையும் உடன் அழைத்துச் சென்றாள், ஆற்றங்கரைக் குடிசையை இடித்து அந்த அடுக்குமாடியில் கொண்டுவந்து கொட்டிய மறு ஆண்டு அது, மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உடைந்து இவர்கள் அடுக்களைக்குள் ஒழுகுகிறது, குடியிருப்புப் பொறியாளர் வந்து பாராமலேயே சரிசெய்தாயிற்று என்று எழுதி முடித்துவிட்டார், ஆகவே மனு. தேசம்மாள் நாவற்பழ நிறத்தில் சரிகை போட்ட தன் ஒரே நல்ல புடவையைக் கட்டி, பூ வைத்து, முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு புறப்பட்டாள், ஆட்சியர் அலுவலக மரத்தடியில் மனு எழுதுகிறவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, இன்னாம்மா கல்யாணத்துக்கா போற, கொஞ்சம் வாடினாப்ல வந்தாத்தான இரங்குவாங்க, என்றார், நா இன்னா பிச்சைக்கா வந்துகீறேன், என் வூட்டு ஞாயத்தச் சொல்ல வந்துகீறேன், நீ எழுதுய்யா, என்றாள் அம்மா. அந்த வரிசையில் கிழிந்த துணியோடு ஒருவரும் இல்லை, இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு கிழவர், பவுடர் அப்பிய கைக்குழந்தை, தலைக்குக் குளித்து ஈரம் உலராத பெண்கள், அரசாங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவது போலத்தான் போகிறார்கள், இதனை எந்தப் பாடமும் சொல்லவில்லை, பிரமீளா அம்மையார் அந்த வரிசையை ஒரு முறையேனும் பார்த்திருந்தால் இந்த நாற்றத் துணி அலமாரியில் இருக்குமா. ஆட்சியர் அன்பாகத்தான் பேசினார், மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார், அது எந்தப் பொறியாளர்மீது புகாரோ அவருடைய மேசைக்கே போய்ச் சேர்ந்தது, அவர் வாசலில் வந்து நின்று, கலெக்டராண்ட போயிட்டல்ல, இப்ப எங்கிட்டதான வந்துச்சு, பாத்தியா, என்று பல்லைக் காட்டினார், பின்னால் அடுக்களைச் சுவரில் கழிவுநீர் வழிந்துகொண்டிருக்கிறது.

போ, உன் முறை, என்று எவரோ முதுகில் தள்ளுகிறார்கள், விளக்குகள் முகத்தில் அறைகின்றன, நாற்காலியில் சம்யுக்தா, முன்வரிசையில் ஓய்வு பெற்ற வருவாய் அலுவலர், அவரே சிறப்பு விருந்தினர். உங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பி வைக்கப்படும், என்று சம்யுக்தா தன் வசனத்தை அழகாகச் சொல்கிறாள், இனி எழிலரசி அழுது விழ வேண்டும், விழவில்லை, எந்த அலுவலருக்கும்மா, என்கிறாள், வந்து பாக்காமலே சரியாயிடுச்சுன்னு எழுதினாரே, அவருக்கேவா அனுப்புவீங்க. சம்யுக்தாவுக்கு இதற்கு வசனம் இல்லை, அவள் திரைப்பக்கம் திரும்புகிறாள், விழுடி, கால்ல விழுடி, என்று அங்கிருந்து அம்மையார் சீறுகிறார், எழிலரசி நிமிர்ந்து நிற்கிறாள், அவை ஒரு கணம் திகைத்து, இதுவும் நாடகந்தான் என்று எண்ணிக் கை தட்டத் தொடங்குகிறது, தட்டத் தட்ட அவளுக்கு ஒவ்வொருவர் கையையும் பிடித்து நிறுத்த வேண்டும் போல் இருக்கிறது. விருந்தினர் மேடைக்கு வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார், என் சர்வீஸ்ல எத்தனை பேரைப் பாத்திருப்பேன், அந்தக் கிழிசல், அந்தத் திமிரு, அச்சு அசல், என்றார், மனுக்களைப் பார்த்த மனிதர், மனுக் கொடுத்தவர்களை ஒருநாளும் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை போலும்.

மறுநாள் அம்மையார் தம் அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லாமலே பேசினார், வசனத்த மாத்தினது தப்புதான், ஆனா எடுபட்டுடுச்சு, அடுத்த மாசம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதுலயும் நீதான் மனுதாரர், இந்தத் தடவை உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா, நிஜ மனுதாரரே மேடையில நின்னா நடுவர்கள் ஆடிப்போயிடுவாங்க, முதல் பரிசு வந்துட்டா விடுதிப் பரிந்துரைய உன் பேருக்கே எழுதறேன், சம்யுக்தாவுக்கு எப்படியும் அவ அப்பா பாத்துப்பார், என்றவர் சற்றே யோசித்து, அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் குடுத்துடலாம், என்றார், உடனே தலையை அசைத்து, வேணாம் வேணாம், பழசே இருக்கட்டும், என்றார். வெறுப்பையும் மீறி எழிலரசியின் கண்முன் மேசையும் விளக்கும் நூலகமும் ஆடின, வீடு திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி கண் சொருகியபோது அரங்கத்தில் அம்மா நின்றாள், அந்தப் புடவையில், நாற்காலியில் பல்லைக் காட்டிக்கொண்டு பொறியாளர், அவை கை தட்டிக்கொண்டே இருந்தது, அம்மா விழுந்துகொண்டே இருந்தாள், விழித்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டிருந்த தேசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மா காறி உமிழ்வாள், அந்த அம்மையாரை வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள், அதைக் கேட்க ஆசையாகக்கூட இருந்தது, தேசம்மாளோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவ்ளோதான, வரேன்னு சொல்லு, என்றாள், இன்னாம்மா சொல்ற, கிழிசலக் கட்டிக்கினு கால்ல வுழணும்மா, என்றாள் மகள், வுழுறேன், நெசமா நின்னு கேட்டு ஒண்ணும் கெடைக்கல, பொய்யா வுழுந்து ஒனக்குக் கெடைக்கும்னா வுழுந்துட்டுப் போறேன், எனக்கு இன்னா தேஞ்சா பூடும், என்று சொல்லிக்கொண்டே அடுத்தவள் முன்னே தள்ளிய குடத்தைக் காலால் பின்னுக்கு நகர்த்தினாள், அய்ய, இது என் எடம், தள்ளு. தேசம்மாள் வரமாட்டேன் என்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும், அவள் வருகிறேன் என்றதுதான் எழிலரசியை உலுக்கிற்று, அன்று மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் நிமிர்ந்து பேசிய வாயா இது, மகளாகிய தானே அல்லவா அந்த வாயை இப்படிப் பேச வைத்தவள், அப்படியானால் அலமாரியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து அம்மாவின் தோளில் போடப் போகிற கை பிரமீளா அம்மையாருடையது அன்று, தன்னுடையதே.

காலையில் புறப்படும்போது, நீ வர வாணாம்மா, என்றாள், ஏன், நா அழுதா நல்லா இருக்காதா, என்றாள் தேசம்மாள். துறைத் தலைவியின் அறையில், சொல்லப்படாமலேயே நாற்காலியை இழுத்து அமர்ந்தாள், அம்மா வரமாட்டாங்க மேடம், நானும் வரமாட்டேன், என்றாள். அம்மையாரின் முகம் கறுத்தது, பரிந்துரை இல்லாம விடுதி வாசலக்கூட மிதிக்க முடியாது, தெரியுமில்ல, என்றார். தெரியும் மேடம், பயிற்சி இல்லாமலே தேர்வு எழுதிக்கறேன், என்றாள் எழிலரசி.