லிவர் பிடிக்க ஓர் ஆள்

மனிதனுக்கு இரண்டு கைதான். இந்த இன்ஜினின் ஹேண்டிலைச் சுற்ற இரண்டும் வேண்டும். அப்புறம் லிவரைச் சாய்ப்பது எந்தக் கை?

காசிநாதன் கிணற்று மேட்டுக் கொட்டகையில் குந்திக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தான். வெளியே நெல் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் தவறினால் கதிர் தலைசாயாது, நிமிர்ந்தே நிற்கும். அறுத்துப் போரடித்தால் பதர்தான் பறக்கும். மழை ஏமாற்றிய வருஷம் அது. கல்வராயன் மலைமேல் மத்தியானமானால் மேகம் கூடும். கீழே இறங்காமல் மலையோடு நின்று கலைந்துபோகும். கிணற்றில் தண்ணீர் கிடந்தது. அதை மேலே கொண்டுவர இன்ஜின் இருந்தது. இன்ஜினைக் கிளப்பத்தான் வழியில்லை.

டீசல் இன்ஜினுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல நெருப்புப்பொறி கிடையாது. உள்ளே காற்றை நசுக்குவதாலேயே சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் நசுக்கப்படுகிற காற்று சும்மா இருக்காது, எதிர்த்துத் தள்ளும். கைபலத்தால் அதை வெல்ல முடியாது. அதற்காகத்தான் இன்ஜின் தலையில் ஒரு லிவர். அதை நிமிர்த்தி வைத்தால் காற்று வெளியே போக வழி திறந்திருக்கும், சக்கரம் எதிர்ப்பில்லாமல் சுற்றும். ஒருவன் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிச் சக்கரத்துக்கு வேகம் ஏற்ற வேண்டும். ஏறிய பிறகு மற்றவன் லிவரைச் சாய்க்க வேண்டும். வழி மூடிக்கொள்ளும், அந்தக் கனத்த சக்கரம் ஓடுகிற ஓட்டத்திலேயே காற்றை நசுக்கிவிடும். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தண்ணீர் வந்துவிடும்.

லிவரைச் சற்று முந்திச் சாய்த்தாலோ கதை வேறு. சக்கரத்துக்கு வலு போதாது. நசுங்கிய காற்று அதைத் திருப்பி அடிக்கும். ஹேண்டில் தலைகீழாகச் சுழன்று, பிடித்திருப்பவன் மணிக்கட்டை முறித்துப் போடும். ஆகவே ஹேண்டில் சுற்றுகிறவன் தன் கையை லிவர் பிடிக்கிறவனிடம் கொடுத்துவிட்டுத்தான் சுற்றுகிறான்.

காசிநாதன் தன் கையை அப்படி வருஷக்கணக்காக வேடியப்பனிடம் கொடுத்திருந்தான்.

இரண்டு பேர் நிலமும் ஒட்டிக்கிடந்தது. வரப்பு நடுவில் கிணறு. இருவரின் அப்பாக்களும் சேர்ந்து வெட்டியது. கரண்ட் அந்தப் பக்கம் வரவில்லை என்பதால் இன்ஜினையும் கூட்டாகவே வாங்கினார்கள். இன்றைக்கு இவன் முறை என்றால் நாளைக்கு அவன் முறை. யார் முறையானாலும் கிளப்புவது இருவரும்தான். காசிநாதன் ஹேண்டில், வேடியப்பன் லிவர். இரண்டு பேரும் வேறு வேறு சாதி. ஆனாலும் வயதில் மூத்தவன் என்பதால் காசிநாதன் அவனை மாமா என்பான். அவன் இவனை டேய் காசி என்பான்.

கிளப்பும்போது காசிநாதன் தோளில் கிடக்கும் துண்டை வேடியப்பன் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வான், சக்கரத்தில் மாட்டிவிடக் கூடாதே என்று. காசிநாதன் சுற்றத் தொடங்குவான். "விடு" என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. வேடியப்பன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். தடக்தடக் என்பது தேய்ந்து ஒரே ரீங்காரமாகும்போது விரலால் லிவரைத் தட்டுவான். இன்ஜின் பற்றிக்கொண்டதும் துண்டைத் திருப்பி வீசுவான்.

"மூஞ்சத் தொடைச்சிக்கடா. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வேர்த்துக் கெடக்கு" என்பான்.

அந்த வேடியப்பன்தான் இப்போது வருவதில்லை.

இடஒதுக்கீடு கேட்டுக் காசிநாதனின் சாதிச் சங்கம் சாலை மறியல் அறிவித்திருந்த புரட்டாசி அது. காசிநாதனின் அண்ணன் மகன் அன்புச்செல்வன் நல்ல மார்க் எடுத்தும் காலேஜில் இடம் கிடைக்காமல் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தான். கேட்பது நியாயம் என்று காசிநாதனுக்கு உறுதியாகத் தோன்றியது. புதன்கிழமை மத்தியானம் அவன் தெரு ஆட்கள் கோயில் பின்னால் கூடினார்கள். விடிவதற்குள் கள்ளக்குறிச்சி சாலையில் மரங்களைச் சாய்ப்பது என்று முடிவாயிற்று. செய்தி கசிந்தால் போலீஸ் முந்திக்கொள்ளும். ஆகையால் வேற்றுத் தெருவில் ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினார்கள்.

அன்று சாயங்காலம் வேடியப்பன் முறை. இருவரும் இன்ஜினைக் கிளப்பிவிட்டு மடை திருப்பிக்கொண்டிருந்தார்கள். வேடியப்பனின் மனைவி சாலம்மாள் நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுக்கும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள்.

"காலைல மொத பஸ்ஸுக்குக் கூட்டினு போயிடறேன்டா" என்றான் வேடியப்பன். "ராத்திரியே போலாம்னா எங்க தங்கறது? ஏதோ மறியல் கிறியல்னு பேசிக்கினு இருக்காங்களே, பஸ்ஸு ஓடும் இல்ல?"

காசிநாதன் குனிந்து மண்வெட்டியால் மடையில் மண் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைத்தாச்சியை யார் மறிக்கப்போகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"உனக்குத் தெரியாதா மாமா, அவனுங்க பேசுவானுங்க" என்றான்.

விடிந்தபோது புளியமரங்கள் சாலையெங்கும் குறுக்கே கிடந்தன. பஸ் வரவில்லை. பிள்ளைத்தாச்சியை யாரும் மறிக்கவில்லைதான். ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் மரங்கள் ஒதுங்குமா? வேடியப்பன் மாட்டுவண்டியைச் சாலையிலிருந்து வயலில் இறக்கி, வாய்க்கால் கண்ட இடத்தில் அவிழ்த்துப் பூட்டி, ஓடை கண்ட இடத்தில் ஆள் பிடித்துச் சாலம்மாளைக் கட்டிலோடு தூக்கிக் கடந்து, கள்ளக்குறிச்சி சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெண்குழந்தை பிழைத்தது. சாலம்மாள் பிழைக்கவில்லை. குழந்தையைச் சின்னசேலத்தில் சாலம்மாளின் அக்கா வைத்துக்கொண்டாள்.

மறியல் முடிந்ததும் போலீஸ் வந்தது. இளவட்டங்களில் பாதிப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள். மீதிப் பேர் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் ஒளிந்தார்கள். காசிநாதனும் சில நாள் மலையில் கிடந்துவிட்டு, பயிர் நினைப்பில் இறங்கி வந்தான். வந்த கையோடு வேடியப்பன் வீட்டுக்குப் போனான்.

வாசலில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க" என்றான்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்த 'ங்க'வை எங்கே வைத்துக்கொள்வது?

"மாமா, நான்..."

"கூட்டத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கூட்டம் என்னிக்கு?"

"புதன்கிழமை."

"எந்த நேரம்?"

"மத்தியானம்."

வேடியப்பன் வைக்கோலில் ஒட்டியிருந்த மண்கட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். "அப்ப மடை திருப்பும்போது தெரியும்" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. அடுத்த பிடி வைக்கோலை எடுத்துக்கொண்டே, "ராத்திரியே வண்டி கட்டியிருப்பேன். வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

காசிநாதன் நின்றான். சத்தியம் செய்ததைச் சொல்லலாம். சாலம்மாளுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைக்க வாய் வரவில்லை.

"மொறப்படி நாளைக்கு உங்க தண்ணி" என்றான் வேடியப்பன். "வந்து லிவர் புடிக்கிறேன். பயிர் இன்னா பாவம் பண்ணுச்சு?"

சொன்னபடி வந்தான். துண்டைக் கேட்கவில்லை, காசிநாதனே அதைக் கழற்றி வரப்பில் வைத்தான். வேடியப்பன் லிவரில் விரலை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். காசிநாதன் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினான்.

சக்கரம் வேகம் எடுக்கவில்லை.

எப்போதும் காசிநாதன் இடுப்பிலிருந்து உடம்பு முழுவதையும் ஹேண்டிலில் போட்டுச் சுற்றுவான். இன்றைக்குக் கைதான் சுற்றியது. கண் சக்கரத்தைப் பார்க்காமல் வேடியப்பனின் விரலையே பார்த்தது. ரீங்காரம் கூடிவருகிற நேரத்தில், எந்த நேரமும் உதறிவிடலாம் என்பதுபோலப் பிடி தானாகத் தளர்ந்தது. சக்கரம் தடக்தடக்கென்று சோர்ந்து நின்றது. மறுபடி சுற்றினான். மறுபடியும் நின்றது.

வேடியப்பன் திரும்பிப் பார்த்தான். முதலில் அவன் கையை. அப்புறம் அவன் கண் நின்றிருந்த இடத்தை.

"பிடி லூசா இருக்குது" என்றான்.

"இல்லையே."

"நான் முந்தி வுட்டுடுவேன்னு நெனைக்கிற."

மரியாதை கழன்று பழைய பேச்சு வந்திருந்தது. அந்த ஒரு நொடியில் இல்லை மாமா என்று காசிநாதன் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தபோது, ஹேண்டிலில் இருந்த கை தானாக விலகி மார்போடு ஒட்டிக்கொண்டது.

வேடியப்பன் அதைப் பார்த்தான். லிவரிலிருந்து விரலை மெதுவாக எடுத்து, கையைத் திருப்பி உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவனைப்போல.

"இந்தக் கைய வச்சிக்கினா உனக்குக் கெடுதல் பண்ணுவேன்?" என்றான். பிறகு கொட்டகையை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

அதிலிருந்துதான் இந்தக் கணக்கு. ஒரு கையால் ஹேண்டிலும் மறு கையால் லிவருமாக முயன்று பார்த்தான். ஒற்றைக் கைக்குச் சக்கரம் மசியவில்லை. இரண்டு கையாலும் வேகம் ஏற்றிவிட்டு ஓடிப்போய் லிவரைத் தட்டிப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் வேகம் செத்துவிட்டது. மனைவி குஞ்சம்மாளை நிறுத்திப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முன்னாலேயே சாய்த்துவிட்டாள். நல்லவேளை, சக்கரம் அப்போதுதான் நகர்ந்திருந்தது. ஹேண்டில் முன்கையில் ஒரு வீக்கத்தோடு விட்டது.

"மஞ்சப் பத்து போடுறேன், ஆட்டாத" என்றாள் அவள் வீட்டில். பற்றுப் போட்டுக்கொண்டே, "சங்கத்துல ஆள் ஜாஸ்தியாச்சே. லிவர் புடிக்க ஒரு ஆள் அனுப்பச் சொல்லேன்" என்றாள்.

காசிநாதன் முழங்கைக்கு வழிந்த பற்றைத் துடைத்தான்.

"நான் போயி அவரு கால்ல வுழட்டுமா?"

"வுழுந்தா வருவாரு. வந்து லிவரும் புடிப்பாரு" என்றான் காசிநாதன். "என் கைதான் சுத்தாது."

அந்த நேரத்தில் வயல் பக்கமிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. டப், டப், டப். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்று வேடியப்பன் முறை. அவனுக்கு லிவர் பிடிக்க யார்? வீட்டில் ஆளில்லை. அவன் தெருவிலிருந்தும் ஒருவரும் வயல் பக்கம் போகவில்லை. அவனுக்கும் கை இரண்டுதான்.

மத்தியானம் சத்தம் நின்று, வேடியப்பன் வரப்பேறிப் போவதைப் பார்த்த பிறகு காசிநாதன் கொட்டகைக்கு வந்தான். இன்ஜின் இன்னும் சூடாக இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லிவரின் நுனியில் துரு போய்ப் புதிதாகப் பளபளப்பதைக் கண்டான். விரல் பட்டுத் தேய்ந்த பளபளப்பு இல்லை, ஏதோ கட்டி இழுத்த வளையம். லிவர் சாய்கிற திசைக்கு நேரே கொட்டகைக் கால் நின்றது. அதில் இடுப்பு உயரத்தில் ஒரு புது ஆணி. ஆணியின் கழுத்தில் தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. ஹேண்டில் பக்கம் மண்தரையில், நிற்பவனின் இடது கால் இருக்குமிடத்தில், குதிகாலை ஊன்றி இழுத்த தடம் ஒன்று.

காசிநாதனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டான். வேடியப்பனும் இங்கேதான் குந்தியிருப்பான். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்து, இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு, இதே கணக்கைப் போட்டிருப்பான். அவனுக்கு விடை முன்னாலேயே கிடைத்துவிட்டது. கயிற்றைக் கழற்றிச் சுருட்டித் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறான்.

மறுநாள் காசிநாதன் தன் மாட்டுத் தும்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்தான். முதல்முறை கயிறு இறுக்கமாக இருந்தது. உடம்பை அசைத்துச் சுற்றும்போதே லிவர் ஆடியது, பயந்து நிறுத்தினான். கொஞ்சம் தளர்த்திக் கட்டினான். இந்தமுறை உடம்பு முழுவதையும் போட்டுச் சுற்றினான். பார்க்க வேறு விரல் இல்லாததால் கண் சக்கரத்திலேயே இருந்தது. ரீங்காரம் வந்தது. காலை இழுத்தான். டப்.

தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, பால் பிடித்த நெல்லுக்குள் புகுந்தது. காசிநாதன் வேர்த்த முகத்தோடு, துண்டுக்காகக் கையை நீட்டினான். துண்டு வரப்பில் கிடந்தது. போய் எடுத்துக்கொண்டான்.

வழி இதுதான். லிவரின் நுனியில் கயிற்றின் ஒரு முனையைக் கட்ட வேண்டும். கயிற்றை எதிரே நிற்கும் கொட்டகைக் காலின் ஆணியைச் சுற்றிக் கீழே கொண்டுவந்து, மறுமுனையில் கண்ணி போட்டு, இடது கால் பெருவிரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கயிறு ஒரு சாண் தளர்ந்து இருக்க வேண்டும். இரண்டு கையாலும் ஹேண்டிலைச் சுற்றி, சக்கரம் ரீங்காரம் எடுத்ததும், குதிகாலை ஊன்றிக் காலைப் பின்னால் இழுத்தால் லிவர் சாயும், இன்ஜின் பற்றிக்கொள்ளும். ஓர் ஆள் போதும்.