ஜீப்பின் முன்சீட்டு

என் போனஸ் கூரைக்குப் போய்விட்டது. கற்பகத்தின் போனஸில் பெரிய டிவி வாங்குவது என்று நானே முடிவு செய்து, சுவரைக் கயிறு வைத்து அளந்தும் வைத்திருந்தேன். என் பெண்டாட்டி என்ன செய்தாள் தெரியுமா? எங்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் ஜீப்பில் முன்சீட்டை ஒரு வருஷத்துக்குப் பிடித்துவிட்டாள்!

போடியில் முன்சீட்டு என்றால் கங்காணிக்குத்தான். அவர் பைக் வாங்கிவிட்டதால் இடம் காலி. மற்றவர்கள் பின்னால் முட்டியோடு முட்டி இடிக்க, அடுத்தவர் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். நான் பின்படியில் தொங்குவேன். கற்பகத்துக்கு இரண்டாவது வளைவிலேயே குமட்டும். மேலே போய் இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். அதற்கென்ன, எல்லோரும்தானே போகிறார்கள்?

"ஏன்டி, உக்கார்ற எடத்தை யாராச்சும் காசு குடுத்து வாங்குவாகளா? வீட்டுக்குத் தூக்கிட்டு வர முடியுமா?" என்று கத்தினேன்.

"முழுசாச் சொல்ல விடுங்க..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்! காலையில வெள்ளைத்துரைகிட்டப் பணத்தைத் திருப்பி வாங்குறேனா இல்லையான்னு பாரு!"

அவள் சோறு போட்டாள். குழம்பில் உப்பே இல்லை.

காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். டிரைவர் வெள்ளைத்துரை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பணத்தைக் கொண்டா. அவளுக்கு முன்சீட்டு வேணாம்."

"அப்ப ஒன்னோடது?"

"என்னோடதா?"

"தங்கச்சி ரெண்டாளுக்குல்ல குடுத்திருக்கு! போன மழையில படி வழுக்கித் தொங்குனியே, அதுலருந்து அதுக்கு ஒரே பயம். 'அவுகளுக்கு ஒண்ணுன்னா நான் என்னண்ணே பண்ணுவேன்'னு அழுதுச்சு."

அதற்குள் கற்பகம் வந்து ஜன்னலோரமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைச் சொல்ல விட்டீகளா?" என்றாள்.

"புதுமாப்ள கணக்கா நிக்கிறாரு பாரு! வெரசா ஏறுண்ணே, சோலிக்கு நேரமாச்சு!" என்று பின்னாலிருந்து எங்களோடு வேலைக்கு வரும் பேச்சி சத்தம் போட, ஜீப்பே சிரித்தது.

"ஜன்னலோரம் எனக்குக் கெடையாதா?"

"நாளைக்கு ஒங்களுக்கு. இன்னைக்கு எனக்கு."

அவளை ஒட்டி உட்கார்ந்தேன். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி ஜீப்பு மலை ஏறியது. இத்தனை வருஷமும் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். மலை எதிரே எழுந்து வருவதை அன்றுதான் பார்த்தேன். கற்பகம் ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டி, "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெட்கக்கேடு, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காத்து அடிக்குது," என்றேன்.

"காத்து என் பக்கமுல்ல அடிக்குது," என்றாள் கற்பகம்.