குனியேவின் இரண்டு கடல்கள்

குனியே தன் இரண்டாவது கணவரை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து, அவள் கடையின் சாறு அண்டாவில் தினமும் இரண்டு முறை கடல் ஏறி வற்றியது. ஏறும்போது சாறு விளிம்பைத் தொடும்; வற்றும்போது அகப்பையை அடிவரை விட்டுத் துழாவ வேண்டும். ஹிகசா ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த உடோன் கடைக்கு வருகிறவர்கள் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். நல்ல பசியோடு இருப்பவர்கள் ஏற்ற நேரம் பார்த்து வந்தார்கள். அப்போது கிண்ணத்தில் தடித்த நூடுல்ஸ் முழுகும்படி சாறு விழும். ஸ்டேஷன் மாஸ்டர் ஓனிஷி, ரயில் நேரம் எழுதும் பலகையின் ஓரத்தில் அண்டாவின் நேரத்தையும் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தார். நிஜமான கடல் மலைகளுக்கு அந்தப்பக்கம், இரண்டு ரயில் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. குனியே அதைப் பார்த்ததில்லை. கடையை யார் பார்ப்பது?

அவள் பார்க்காதது இன்னொன்றும் உண்டு. ஊருக்கு நேர்மேலே, மலையுச்சியில், நானூறு வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு பிரபு கட்டிய கோட்டை இருந்தது. கூரையும் கோபுரமும் போய், மதில்கள் மட்டும் படிப்படியாக நின்றன. இலையுதிர் காலத்தில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை நிரப்பும்போது, அந்த மதில்கள் மேகக் கடலின் நடுவே தீவுபோல மிதக்குமாம். அதைப் பார்க்க நாடெங்குமிருந்து ஆட்கள் வந்து இருட்டிலேயே மலையேறினார்கள். கீழே ஊருக்குள் இருந்தவர்களுக்கு அது வெறும் பனி. துணி காயாது, சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அந்த மாதிரிக் காலைகளில்தான் குனியேவுக்கு வியாபாரம் அதிகம். உச்சியிலிருந்து குளிரில் விறைத்து இறங்கி வருகிறவர்கள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “கடல் மாதிரியே இருந்துச்சு” என்பார்கள். முப்பது வருடமாக அவள் “அப்படியா” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டாவது கணவர் தமேகிச்சியும் அப்படி வந்தவர்தான். ஒரு கடற்கரை ஊரின் மீனவர் சங்கம் பஸ் பிடித்துச் சுற்றுலா வந்தபோது மற்றவர்கள் மலையேறினார்கள். இவர் மட்டும் கடையில் உட்கார்ந்துவிட்டார். “வீட்டு வாசல்ல அசல் கெடக்கு. நகலப் பாக்க மூட்டு வலியோட மலையேறணுமா?” என்றார். மூன்று கிண்ணம் சாப்பிட்டார். மூன்றாவது கிண்ணத்தில், சாறுக்குப் போடும் கருவாடு போன வருடத்துச் சரக்கு என்று கண்டுபிடித்துச் சொன்னார். குனியே கோபப்பட்டாள். அடுத்த வாரம் அவர் புதுக் கருவாட்டை முதுகில் சுமந்துகொண்டு ரயிலில் வந்து இறங்கினார். அதற்கப்புறம் வாராவாரம் வந்தார். வயது அறுபதை நெருங்கிய ஒரு விதவைக்கும், அதைத் தாண்டிய ஒரு பிரம்மச்சாரிக்கும் நடந்த அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சீராக லாரியில் ஒரு மரப்படகு வந்தது. விற்க மனசு வரவில்லை என்றார். அது கொல்லைப்புறத்தில் கிடந்தது. இடம் வீணாகிறதே என்று குனியே அதில் மண் கொட்டி வெங்காயத்தாள் போட்டாள். பயிர் நன்றாக வந்தது.

இரண்டு வருடம் அண்டா ஒழுங்காக ஏறி வற்றியது. மூன்றாவது கோடையில் ஏற்றம் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. பிறகு இரண்டு விரற்கடை. வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஓனிஷி பலகையில் “தாமதம்” என்று எழுதினார். தமேகிச்சி பாத்திரம் கழுவினார், மாவை மிதித்துப் பிசைந்தார், கேட்டால் சிரித்தார். ஆனால் அவருடைய சட்டைகள் தோளில் தொங்க ஆரம்பித்தன. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் ஆளைக் காணோம். ஒருநாள் குனியே தேடிப் போனபோது, படகுக்குள் வெங்காயத்தாள்களின் நடுவே மடியில் துடுப்போடு உட்கார்ந்திருந்தார்.

“ஊருக்கு ஒரு நடை போயிட்டு வரட்டுமா?” என்று கேட்டார்.

“போனா வருவீங்களா?”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஒரு வெங்காயத்தாளைக் கிள்ளி முகர்ந்துபார்த்தார். “நீ வாயேன்.”

“நான் வந்துட்டா காலைல ஏழேகால் ரயிலுக்குப் போறவங்க எல்லாம் பட்டினியா போவாங்களா?”

அத்தோடு பேச்சு நின்றது. அக்டோபர் கடைசியில் அண்டா அசையவே இல்லை. மற்ற கடைகளின் அண்டாபோல, ஊற்றிய அளவில் அப்படியே நின்றது. குனியே அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கணவர் போனபோதுகூட அவள் கடையைத் திறந்துவைத்துக்கொண்டேதான் அழுதாள். அன்று மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு பெண், முகமெல்லாம் சிவந்து, “நெஜமா கடலேதாங்க!” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். குனியே வழக்கம்போல “அப்படியா” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அகப்பையைக் கீழே வைத்தாள்.

அன்று சாயங்காலமே வெங்காயத்தாள் முழுவதையும் பிடுங்கித் தெருவுக்குப் பங்குவைத்தாள். மறுநாள் மதியம், திருவிழாவில் சாமிப் பல்லக்குத் தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் கடைக்குப் பின்னால் கூடினார்கள். பல்லக்கைவிடப் படகு இலேசுதான், ஆனால் குலுக்கினால் சாமி சந்தோஷப்படுவதுபோல இதுவும் சந்தோஷப்படுமா என்று தெரியவில்லை என்றார்கள். “வஷ்ஷோய், வஷ்ஷோய்” என்று கத்திக்கொண்டு மலையேற்றினார்கள். தமேகிச்சி பின்னாலேயே ஓடினார்; தன் படகு மலையேறுவதைப் பார்த்த அவருக்கு மூட்டு வலி மறந்துபோயிற்று. கோட்டை வாசலில் சீட்டுக் கொடுக்கிறவர் படகுக்குச் சீட்டு உண்டா என்று யோசித்துவிட்டு, சைக்கிளைத்தான் விடக்கூடாது, படகைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று விட்டுவிட்டார்.

விடியும்போது குனியே தெற்கு மதிலின் மேல் நின்றாள். கீழே ஊர் இல்லை. மதிலின் கழுத்தளவுக்கு வெள்ளை நின்றது. மெல்ல வீங்கியது, இறங்கியது, மதிற்கற்களை நக்கிவிட்டுப் பின்வாங்கியது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தமேகிச்சி மட்டும் குனிந்து, கையை உள்ளே விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பில்ல. ஆனா ஏத்தம்தான்” என்றார். படகைத் தள்ளினார்கள். ஒருமுறை ஆடியது, நிமிர்ந்தது, மிதந்தது. குனியே செருப்பைக் கழற்றி மதிலில் ஜோடியாக வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பின்முனையில் நின்று தமேகிச்சி ஒற்றைத் துடுப்பை அசைத்தார். அவர் தோள்கள் சட்டையை நிறைப்பதைக் குனியே பார்த்தாள். அடியில் ஊரின் சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது: ரயில்வே கேட் மணி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தோஃபு விற்பவரின் ஊதல். அப்புறம் அவள் கடைக் கதவை யாரோ தட்டுவது. “குனியேக்கா! ஏழேகால் ரயில் வந்துரும்க்கா!” அது ஓனிஷியின் குரல். குனியே விளிம்பில் சாய்ந்து, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, “இன்னைக்குக் கடை லீவு!” என்று கீழே கத்தினாள். முப்பது வருடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்; நிறுத்த முடியவில்லை. சிரிப்பு பனியோடு சேர்ந்து ஊருக்குள் இறங்கியது என்றும், தெருவில் நின்றவர்கள் காரணம் தெரியாமல் தாங்களும் சிரித்தார்கள் என்றும் பிறகு சொன்னார்கள்.

சிரித்ததில் நேரம் போனது தெரியவில்லை. சூரியன் எதிர்மலைக்கு மேலே வந்தபோது கோட்டை வெகுதூரத்தில் இருந்தது. மேகம் அங்கங்கே இளைத்தது. ஒரு ஓட்டை வழியாகப் பள்ளிக்கூட மைதானம் அடியாழத்தில் சின்னதாகத் தெரிந்தது. தமேகிச்சி எவ்வளவு துடுப்பு வலித்தும் படகு கோட்டைப் பக்கம் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனுஷர் முகம் வெளுத்தார்.

“நீச்சல் தெரியுமா ஒனக்கு?”

“தெரிஞ்சா மட்டும் இதுல நீந்தவா முடியும்?” என்றாள் குனியே. ஆனால் அவள் பதறவில்லை. மேலேயிருந்து இந்தக் கடலை அவளுக்குத் தெரியாது. அடியிலிருந்து பார்த்துத் தெரியும். தினமும் வாசல் பெருக்கும்போது பார்த்ததுதானே. “மொதல்ல பள்ளிக்கூடத்துப் பக்கம் வெளுக்கும். அப்புறம் கோயில். ஆத்தோரம் ஸ்டேஷன்லதான் கடைசி வரைக்கும் நிக்கும், அதுவும் மெதுவாதான் எறங்கும். கோட்டைய விடுங்க. ஆத்துப் பக்கம் திருப்புங்க.”

அவர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பினார். மேகம் இறங்க இறங்கப் படகும் இறங்கியது. மின்கம்பியை ஒருக்களித்துத் தாண்டியது. ஒரு சீமைப்பனிச்சை மரத்தின் உச்சியில் உரசியபோது, யாருக்கும் எட்டாமல் விட்ட பழங்கள் நாலைந்து படகுக்குள் விழுந்தன. கடைசியில் இரண்டாம் நடைமேடையில், பூனை உட்காருவதுபோலச் சத்தமில்லாமல் தரைதட்டியது. ஓனிஷி விசிலும் கையுமாக நின்றிருந்தார். “மஞ்சக் கோட்டுக்குப் பின்னால நிறுத்துங்க” என்றார். பிறகு ஒலிபெருக்கியில், இரண்டாம் நடைமேடையில் படகு நிற்பதால் பயணிகள் முன்வாசல் வழியாக ஏறும்படி கேட்டுக்கொண்டார். வண்டியிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள் குனியேவின் வெறுங்காலைத்தான் அதிசயமாகப் பார்த்தார்கள்.

அதன்பிறகு கடைக்கு இலையுதிர் காலத்தில் பனி விழுகிற நாளெல்லாம் பத்து மணிக்குத்தான் திறப்பு என்று ஆயிற்று. ஏழேகால் ரயில்காரர்கள் வீட்டிலிருந்து சோற்றுருண்டை கட்டிக்கொண்டு போகப் பழகினார்கள். மீனவர் சங்கம் இரண்டு படகு அனுப்பியது. எதிர்மலைக்காரர்களும் ஒன்று செய்தார்கள். யார் எதுவரை போகலாம் என்று சண்டை வந்து, கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் தீர்ந்தது. அண்டாவில் சாறு மறுபடி விளிம்பைத் தொட்டது. தமேகிச்சி ஊருக்குப் போக வேண்டும் என்று அப்புறம் கேட்கவில்லை.

கேட்டவள் குனியேதான். நாலைந்து வருடம் கழித்து ஒரு ஜூன் மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி, அவருடைய ஊர்த் துறைக்குப் போனாள். அன்று கடல் அமைதியாக இருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பழைய கூட்டாளிகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு, இந்த அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள். குனியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அலை வந்து செருப்பு நுனியைத் தொட்டுப் போயிற்று.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “இது எத்தன மணிக்குக் கலையும்?”

தமேகிச்சி கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். அங்கிருந்தவர்களில் மூத்தவர் வலையைத் தோளிலிருந்து இறக்கினார். சூரியனைப் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார், கடலையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“இன்னைக்குக் கலையாதும்மா” என்றார். “பயப்படாம எறங்குங்க.”

குனியே செருப்பைக் கழற்றினாள்.