சீதாலெட்சுமி சுவைக்காத ஆட்டுத்தொடை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நண்பர் ராஜன் தன் மகள் பட்டம் வாங்கியதற்காகக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வைத்த மதிய விருந்தில் ஆட்டுத்தொடை சாப்பிட்டேன். தொட்டதும் எலும்பிலிருந்து கறி கழன்றது. சமைத்தவர் கிள்ளான் சீதாலெட்சுமி. பிறந்ததிலிருந்து சைவம் என்றார்கள். நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு சரியாக ஒரு வரிகூட எழுதியதில்லை.

பிறகு இருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

2

'கிள்ளானில் மழை பெய்துகொண்டிருந்…'

(எல்லார் கதையிலும் மழை. அடித்துவிட்டேன். ஆனால் அன்று வினையே மழையால்தான் வந்தது.)

சீதாலெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரம் பார்த்தவர். வேலை போனதும் ஒரு ஸ்மோக்கர் அடுப்பு வாங்கினார். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகளை எரித்து, அந்தப் புகையிலேயே கறியை வேகவைப்பது. விருந்தன்று விடியற்காலை ஐந்து மணிக்கே எட்டுத் தொடைகளை ஏற்றியிருந்தார். பத்து மணிக்கு ராஜன் வந்து நின்றார்.

"அக்கா, நீங்க சைவமாமே? அப்ப டேஸ்ட் யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க, தம்பி. உப்ப நிறுத்துப் போடுவேன். மத்தத வெரல் சொல்லும்."

"அறுபது பேரு வராங்க லா! நான் வேற கேட்டரிங்குக்கு போன் பண்றேன்."

அந்த நேரம் பார்த்து அடுப்பின் சூடு இறங்கியது. நூற்றிருபது டிகிரி. நூறு. எண்பத்தைந்து.

3

பெல்லட் பெட்டிக்குள் மழைநீர் இறங்கி, குச்சிகள் ஊறிப் புட்டுமாவாகியிருந்தன. அவற்றைத் தீக்குத் தள்ளும் திருகு சிக்கி நின்றுவிட்டது.

(ராஜனை இங்கே வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்ததே அவர்தான்.)

சீதாலெட்சுமி பிளக்கைப் பிடுங்கினார். தொடைகளை அலுமினியத் தாளில் சுற்றி, சூடு போகாமல் அந்தக் காலி ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினார். ஊறிய மாவைக் கரண்டியால் வழித்தார். திருகைக் கழற்றித் துடைத்து, சாம்பலை அள்ளி, காய்ந்த பெல்லட்டைக் கொட்டினார். நாற்பது நிமிடம், ஒரு சலிப்பு இல்லை, ஒரு பதற்றம் இல்லை. மறுபடி புகை எழுந்தபோது, அது ஏதோ… வேண்டாம். புகை புகையாகவே இருக்கட்டும்.

பன்னிரண்டு மணிக்கு, மறுபடி அடுப்பேறிய எட்டிலும் சூடு பார்க்கும் மீட்டர் தொண்ணூற்று நாலு காட்டியது. அவர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எட்டாவதில் கை நின்றது.

"இது விருந்துக்குப் போகாது."

"மீட்டர்ல எல்லாம் ஒண்ணுதானேக்கா?"

"மீட்டர் சொல்லுது. கறி சொல்லலயே."

ராஜன் அதில் ஒரு துண்டு பிய்த்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு மற்ற ஏழில் ஒன்றிலிருந்து பிய்த்து வாயில் போட்டார். அந்த ஏழு தொடைகளையும் காரில் ஏற்றினார்.

4

முதல் முடிவு: யாருக்கும் தெரியாமல் சீதாலெட்சுமி ஒரு துண்டைச் சுவைக்கிறார். எழுதி, வெட்கப்பட்டுக் கிழித்தேன். அவரை நம்பாதவன் எழுதும் முடிவு அது.

இரண்டாம் முடிவு: ராஜன் மன்னிப்பு கேட்கிறார். அவர் கேட்கவில்லை.

நடந்தது: இரண்டரை மணிக்கு, மேலும் வேகவைத்துப் பதமாக்கிய எட்டாவது தொடையோடு சீதாலெட்சுமியே மண்டபத்துக்கு வந்தார். ஏழும் எலும்பாகியிருந்தன. ராஜன் தட்டை வாங்கி, "செஞ்சது இவங்கதான்" என்று மேசை மேசையாகச் சொல்லிப் பரிமாறினார். சீதாலெட்சுமிக்கென்று தனியாகச் சைவச் சாப்பாடு வரவழைத்து, மகள் வைஷ்ணவிக்குப் பக்கத்தில் இலை போட்டு வைத்திருந்தார்.

"ஆன்டி, ஒரு தடவகூட ருசி பாக்கணும்னு தோணலயா?" என்று கேட்டாள் வைஷ்ணவி.

சாதம் பிசைவதை நிறுத்திவிட்டு சீதாலெட்சுமி பதில் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் கேட்டது. நாலே வார்த்தை. எழுதினால் ஒவ்வொரு முறையும் என் குரலில்தான் வருகிறது. நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதைக் கேட்டபின் வைஷ்ணவி எழுந்துபோய், ரசம் வாங்கிவந்து, தன் கையால் அவர் இலையில் ஊற்றினாள். உங்கள் நாலு வார்த்தை அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும்.