பச்சை வாளியில் கிடந்த ஊசி

குத்தியது முள் என்றுதான் அன்புச்செல்வி முதலில் நினைத்தாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, எந்த வீட்டில்தான் மீன் குழம்பு இல்லை? வாழையிலையை விலக்கிப் பார்த்தால், மருந்து ஏற்றுகிற ஊசி. விரல் நுனியில் ரத்தம் பொட்டாக நின்றது.

ஆவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் அவள் தூய்மைக் காவலர். வீடு வீடாகக் குப்பை வாங்கி உரக்குடிலில் தரம் பிரிப்பது வேலை. முன்பெல்லாம் கண்மாய்க் கரையில் கொட்டிக் கொளுத்துவார்கள்; அந்தப் புகையில் பிள்ளைகள் இருமிச் செத்தன. உரக்குடில் வந்த பிறகு அந்தச் சனியன் ஒழிந்தது. காய்கறித் தோலும் சாணமும் மக்கிக் கருகருவென்று உரமாகிறது. வாங்கிப்போகச் சாக்கோடு ஆள் நிற்கிறது.

ஆனால் இந்த ஊர் ஆட்களின் சாமர்த்தியத்தைச் சொல்லியாக வேண்டும். மக்காத குப்பையைக் காவலர்கள் வாசலிலேயே பிரித்துப் பார்ப்பார்கள். மக்குகிற குப்பை போடும் பச்சை வாளியை அப்படியே வண்டியில் கவிழ்ப்பார்கள். அதனால் மறைக்க வேண்டியதையெல்லாம் வீட்டுக்காரர்கள் பச்சை வாளியில், தோலுக்கு அடியில் செருகிவிடுவார்கள். எவள் கை போகுமோ, எவன் கை போகுமோ, அவர்களுக்கு என்ன வந்தது?

கூட வேலை பார்க்கும் இன்னாசியம்மாள் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். "ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி யாருதுன்னு கேப்பாங்க, விசாரிச்சுக்க. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்காத."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கொன்றது. வீட்டில் கைக்குழந்தை பசித்துக் கிடக்கும். மார்பு கனத்து ரவிக்கை நனைந்துவிட்டது. எவருக்கு என்ன சீக்கோ! அது தன் ரத்தத்தில் இறங்கி, பாலில் இறங்கி... மேலே நினைக்க முடியவில்லை. கடைசியாக வண்டி போய்வந்த தெருவுக்கு ஓடினாள்.

ஊசி என்றதுமே எல்லாருக்கும் முகம் மாறியது. "எங்க வீட்ல ஏது ஊசி?" கதவுகள் சாத்திக்கொண்டன.

ஞானமணி வீட்டிலும் அதே கதைதான். "என்ன பேச்சு பேசுற? எங்க வீட்ல சீக்காளியா கெடக்கு? அங்கிட்டுப் போய்க் கேளு." கத்தரித் தோட்டத்துக்கு உரம் வாங்க மட்டும் முதல் ஆளாக வருகிற மகராசி!

பின்னால் நின்ற மருமகள் பிளெஸ்ஸியின் முகத்தில் ஈயாடவில்லை. வைகாசியில் கல்யாணமாகி வந்த பெண். அன்புச்செல்வி அவளைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயி, யாருதுன்னாலும் சொல்லுங்க. என் பிள்ள பசியில கெடக்கு. பால் குடுக்கலாமா, கூடாதா, எனக்கு அதுமட்டும் தெரியணும்."

பிளெஸ்ஸி மாமியாரைப் பார்த்தாள்.

"என் ஊசிதான்க்கா. சுகருக்குப் போடுறது. சின்னப் பிள்ளையிலேருந்து போடுறேன். வேற சீக்கு எதுவும் இல்லக்கா, மாதா சத்தியமா."

அன்புச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஞானமணியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உறைந்துபோனாள்.

"கல்யாணம் பேசுறப்ப ஒங்க வீட்ல ஒருத்தரும் வாயத் தெறக்கலயே," என்றாள் ஞானமணி. குரல் கொஞ்சமும் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிளெஸ்ஸி செருப்பை மாட்டினாள். "வாங்கக்கா, நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். என் ரத்தத்தையும் பாத்துச் சொல்லட்டும். அப்பத்தான் ஒங்களுக்கு மனசு ஆறும்."

"படி தாண்டினா அப்படியே ஒங்க அப்பன் வீட்டுக்குப் போயிடு," என்றாள் ஞானமணி.

பிளெஸ்ஸி தாண்டிவிட்டாள்.

'நீங்க உள்ள போங்க தாயி, நான் மட்டும் போய்க்கிறேன்' என்று சொல்ல அன்புச்செல்வி வாயெடுத்தாள். பால் குடிக்காத பிள்ளையின் முகம் கண்ணில் வந்து நின்றது. அவள் சொல்லவில்லை. பிளெஸ்ஸியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.