வால்வுக்காரர் வீட்டு ஃபில்டர்

வால்வுக்காரர் வீட்டை விட்டுப் போன மூன்றாவது வாரம், அவர் மனைவி வாட்டர் ஃபில்டரின் கேண்டிலைக் கழற்றித் தேய்த்தபோது, சேற்றோடு சேர்ந்து அவர் குரலும் கழன்று வந்தது. "இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை," என்றது. ஞாயிற்றுக்கிழமை காலை, மணி எட்டேகால். அவள் பிரஷ்ஷை எடுத்தாள், குரல் நின்றது. மறுபடி வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். "எவன் செஞ்சானோ," என்று முடித்துக்கொண்டது. பழுப்புத் தண்ணீர் தொட்டியில் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டைக்குள் போனது. கேண்டில் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தும் ஒரு சொல் வரவில்லை. அவள் அதைத் திரும்ப மாட்டி, தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

சண்டையே அந்த ஃபில்டரால் வந்ததுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் பாத்திரம், மேல் பாத்திரத்தில் சுண்ணாம்புக் கட்டி போல ஒரு கேண்டில், கீழ்ப் பாத்திரத்தில் ஒரு குழாய். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மேலே ஊற்றின தண்ணீர் தன் கனத்திலேயே கசிந்து கீழே இறங்கும். மூன்று வயதுப் பெண்ணுக்கு அடிக்கடி வயிற்றுவலி என்று அவள் வாங்கி வைத்தாள். வால்வுக்காரருக்கோ அந்த வட்டாரத்துக்கே தண்ணீர் திறந்துவிடுகிற வேலை, பதினைந்து வருட சர்வீஸ். ஈரச் சட்டையோடு உள்ளே வந்தவர் சமையல் மேடையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "நாலாயிரம் வீட்டுக்கு நான் விடற தண்ணி. என் வீட்டுலயே வடிகட்டிக் குடிக்கறீங்களா?" என்றார். பாப்பா வயிற்றுக்குத்தான் என்றாள் அவள். கட்டின பெண்டாட்டிக்கே நம்பிக்கை இல்லை என்றால் ஊரான் எப்படி நம்புவான் என்று அவர் எகிற, "நம்பிக்கையக் குடிச்சா வயித்துவலி நிக்குமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம்தான். ஒரு வாரம் உம்மென்று இருந்தவர், ஆற்றின் மேற்பக்கம் பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளியிருந்த தலைமை நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குழாயிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை.

அவருக்குத் தனக்குத்தானே முணுமுணுக்கிற பழக்கம். மேலே அந்த நிலையத்தில் ஆற்றுநீர் வந்து விழுகிற தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு தண்ணீரில் விழுந்து, குழாய் குழாயாக இறங்கி, ஊரில் எல்லா வீட்டுக்கும்தான் போனது. தங்கினது இந்த ஒரு கேண்டிலில் மட்டும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அதே கடையில் அதே அளவில் வாங்கின தன் ஃபில்டரைத் தேய்த்துப் பார்த்தாள். சேறு வந்தது, அவ்வளவுதான். அவள் புருஷன் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது, அவர் எந்த ஆற்றின் கரையிலும் இல்லை. தெருக்காரர்கள் இரண்டு ஞாயிறு வந்து நின்று கேட்டார்கள். நாற்காலிக் காலைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் எத்தனை நாள் கேட்பது? பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அவளுக்கு மட்டும் அலுக்கவில்லை. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுடையது, மூன்றாம் ஜன்னல். டிக்கெட்டக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் இருந்த மேல் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கும் அவள்தான் டிக்கெட் கிழிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரை அங்கே அனுப்பிவைத்தாள், தன்னைத் தவிர. போன் எண் இருவரிடமும் இருந்தது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் இரண்டும் ஒரே மரத்தில் அறுத்த பலகை. வருடத்துக்கு ஒரு முறை பெண்ணின் பிறந்தநாளுக்கு அந்த பஸ் டிரைவர் அவர் கொடுத்தனுப்பின ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டுவார். துண்டுக் காகிதம்கூட இருக்காது. உள்ளே ஒரு கவுன் இருக்கும், எப்போதும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஆகிற அளவில். பெண்ணுக்கு ஆறு வயதானபோதும் அதே அளவு, எட்டு வயதானபோதும் அதே அளவு. அவள் அதையெல்லாம் மடித்து அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினாள், யாரிடமும் குறை சொல்லவில்லை.

அவர் வாயால் ஒரே ஒரு தரம் தன் பேச்சு வர வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். "அவ எப்படி இருக்காளோ" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அன்றைக்கே போனை எடுத்துவிடுவாள். அதற்காக மாதம் ஒரு முறை தேய்த்தவள் வாரம் ஒரு முறை தேய்த்தாள். வாரம் போய் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, கடைசியில் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றின கையோடு தினமும் தேய்த்தாள். ஒரு நாள் படிவில் என்ன இருக்கும்? பாதி இருமல், ஒரு "ம்ம்", "இந்த வெயில்ல" என்று ஒரு துணுக்கு. பெண்ணுக்கு அப்பா என்றால் அந்தக் குரல்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு, "அம்மா, அப்பாவத் தேச்சாச்சா?" என்று கேட்பாள். இப்படியே ஏழு வருடம் போனது.

ஏழாம் வருடம் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். குடிக்கிற தண்ணீர் எப்படி என்று டாக்டர் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. கேண்டிலைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை அதன் மேல் போட்டார். வளையம் தலையிலிருந்து அடி வரை தடையில்லாமல் வழுக்கிப் போனது. அப்படிப் போனால் கேண்டில் தேய்ந்துபோய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்று அர்த்தம். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசலும் இருந்தது. சேறும் கிருமியும் அதன் வழியாக ராஜ மரியாதையோடு இறங்கியிருக்கின்றன. "என்னம்மா இது, கேண்டிலத் தேய்ச்சு மாவாக்கிட்டீங்களே," என்றார் அவர். "தண்ணி இறங்கறது மெதுவானா தேய்ங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் போதும். தினமும் தேய்ச்சா எது தாங்கும்?" அவள் புதுக் கேண்டில் ஒன்று வாங்கிக்கொண்டாள். புருஷன் பேச்சைக் கேட்கிற ஆசையில் பெற்ற பெண்ணுக்கு விஷம் கொடுத்தேனே என்று வழியெல்லாம் அழுதாள். அவர் இருந்திருந்தால் சொல்லிக் காட்டியிருப்பார் என்றும் நினைத்தாள். அதற்காகவாவது இருந்திருக்கலாமே என்று இன்னும் அழுதாள்.

புதுக் கேண்டிலை ஊறப்போட்டு, வாஷரைச் சரியாக வைத்து, நட்டை விரலால் மட்டும் இறுக்கினாள். முதல் இரண்டு பாத்திரத் தண்ணீரைக் குடிக்காமல் கீழே கொட்டிவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னபடியே கொட்டினாள். பிரஷ்ஷைத் தையல்காரம்மாவிடம் கொடுத்து, கேட்டாலும் தராதீர்கள் என்றாள். முதல் மாதம் இரண்டு தடவை கேட்டாள், தையல்காரம்மா தரவில்லை. இரண்டாம் மாதம் கேண்டிலின் மேல் பழுப்பு ஏறினது. மூடியைத் திறந்து, தொடாமல் பார்த்துவிட்டு மூடுவாள். தண்ணீர் இறங்குகிற சத்தம் குறையக் குறைய வீடு பேச்சற்றுப் போனது. ஏழு வருடத்தில் அவர் உண்மையாகவே இல்லாத மாதங்கள் அவைதான். டிக்கெட் கிழிக்கும்போது மேல் ஊர் பஸ்ஸின் சீட்டைச் சற்று அதிக நேரம் கையில் வைத்திருந்தாள் என்று வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பாவைத் தேய்த்தாயிற்றா என்று பெண் கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை மாலை, இரவுக்குள் அரைப் பாத்திரம்கூட இறங்காது என்று ஆனபோது, பிரஷ்ஷை வாங்கி வந்தாள். கையைக் கழுவினாள். கேண்டிலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்தாள். பெண் பக்கத்தில் நின்றாள். ஏழு வருடமாகத் துண்டு துண்டாக வந்த குரல் இந்த முறை நிற்காமல் வந்தது. "அவ சொன்னது சரிதான். இங்க வர்ற தண்ணிய கண்ணால பாத்தா ஒரு மாடு குடிக்காது. நானும் ஒரு ஃபில்டர் வாங்கி வச்சிட்டேன், ஆறு வருஷம் ஆச்சு. அவளுக்குத் தெரிஞ்சா சிரிப்பா. சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பக் கேட்டு எத்தன நாளாச்சு. குழாய்கிட்ட ஒழுகிக்கிட்டே இருக்கு, கீழ ஒரு கிண்ணம் வச்சிருக்கேன். வாஷர எப்படிப் போடறதுன்னு அவளுக்குத்தான் தெரியும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? அவ ஒரு வார்த்த கூப்பிட்டா போதும், இந்தத் தொட்டிய அப்படியே போட்டுட்டு ஓடிடுவேன். கூப்பிட மாட்டா. நான் பண்ணது அப்படி." பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டது.

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். தினமும் தேய்த்துத் தேய்த்து இந்தப் பேச்சைத் தானே சில்லுசில்லாக்கிச் சாக்கடையில் விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மேல்நோக்கி ஏறாது, இங்கிருந்து பதில் சொன்னால் அவருக்குப் போய்ச் சேராது. போன் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஒழுகுகிற குழாயைப் போனில் சரி செய்ய முடியாது. "ஆறு வருஷமாக் கிண்ணம் வச்சிருக்காராம், மனுஷன்," என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து இரண்டு புது வாஷர் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலை மூன்றாம் ஜன்னலில் வேறொருத்தி உட்கார்ந்திருக்க, வரிசையில் நின்று மேல் ஊருக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தாள். தினமும் ஒரு குடம் ஊற்றி, இறங்குகிற தண்ணீரை நீங்களே குடியுங்கள், ஊற்றாவிட்டால் கேண்டில் காய்ந்து வெடித்துவிடும் என்றாள். அப்படியெல்லாம் வெடிக்காது என்று இருவருக்குமே தெரியும்.

தையல்காரம்மா சொன்னபடி ஊற்றி வந்தாள். சரியாக மூன்று மாதம் கழித்து, கையைக் கழுவிக்கொண்டு கேண்டிலைத் தேய்த்தாள். முதலில் வந்தது பெண் குரல். "ஒரு வாஷர் உள்ள, ஒரு வாஷர் வெளிய. எத்தன தரம் சொல்றது?" "இன்னொரு தரம் சொல்லேன், குறைஞ்சா போயிடுவ?" என்றது ஆண் குரல். இந்தக் கவுனுக்குள் என் ஒரு கைகூட நுழையாது என்று ஒரு சிறுமி சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். நாற்காலிக்குக் கால் வைத்தாகிவிட்டது என்றும் தெரிந்தது. தையல்காரம்மா அவசரப்படாமல் கடைசித் துளி வரை தேய்த்துக் கேட்டாள். பிறகு தன் வீட்டுக்குப் போய், இன்னும் நாள் ஆகாவிட்டாலும், தன் கேண்டிலைக் கழற்றி ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். சேறுதான் வந்தது. அதைக் கழுவி மாட்டினாள், இரண்டு வீட்டு ஃபில்டரிலும் தண்ணீர் ஊற்றி மூடினாள்.